மார்பக ஆபரேஷனுக்குப் பிறகு சேலை பிளவுஸ் தைப்பது எப்படி?

பினாங்கு லிட்டில் இந்தியாவில் தையல் கடை வைத்திருக்கிறேன். மார்பகப் புற்றுநோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பிளவுஸ் தைக்க வந்தால் பல தையற்காரர்கள் கையைப் பிசைகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

பட்டர்வொர்த்திலிருந்து வந்த அக்கா ஒருவர் சொன்னார்: "பாஜு கூரோங் (தொளதொளப்பான மலாய் உடை) போட்டா ஒண்ணும் தெரியலம்மா. ஆனா கண்ணாடியில வேற யாரோ நிக்கிறாங்க. மக கல்யாணத்துல நான் நானா நிக்கணும்." அந்த 'நானா' என்பதற்குத்தான் நாம் துணி வெட்டுகிறோம்.

எடுத்த பக்கத்தை நிரப்பித் தைக்கவா, இருக்கிறபடி தட்டையாக விடவா என்று முதலில் கேளுங்கள். முடிவு அவருடையது. முந்தானை இடது தோளில் விழுவதால் இடப்பக்கம் ஓரளவு மறையும். வலப்பக்கம் எடுத்திருந்தால் பிளவுஸ்தான் முழு வேலையும் செய்யணும்.

பழைய பிளவுஸை அளவுக்கு வாங்காதீர்கள். நடு நெஞ்சிலிருந்து அக்குள் வரை இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து, டார்ட்டையும் (மார்பு வடிவத்துக்காகத் துணியில் பிடிக்கும் மடிப்பு) தனித்தனியாகப் பிடியுங்கள். திரை போட்டு, ஒரு பெண் அளக்கட்டும்.

போட்டுப் பார்க்கும்போது குண்டூசி கூடவே கூடாது. ஆபரேஷனில் நரம்பு அறுபட்டு அக்குளும் மேல்கையின் உட்புறமும் மரத்துப் போயிருக்கலாம். ஊசி குத்தினாலும் அவருக்குத் தெரியாது. அக்குளில் நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால், அந்தக் கையில் சின்னக் கீறலும் கிருமித் தொற்றாகி வீக்கத்தில் முடியலாம். நூலால் ஓட்டுத்தையல் போட்டே சரிபாருங்கள்.

அதே காரணத்தால் பிளவுஸில் அந்தப் பக்கக் கை இறுக்கமாக இருக்கக் கூடாது. பொழுது ஏற ஏற வீக்கம் கூடும், அதனால் சாயங்காலம் அளப்பேன். சுற்றளவில் 1 அங்குலம் கூடுதலாக விடுவேன்.

உள்துணிக்கு மெல்லிய பருத்திதான். ரேடியேஷன் பட்ட தோலில் சரிகையும் கொக்கியும் உரசினால் எரியும். கொக்கிகளை முன்பக்கம் வையுங்கள், அப்போதுதான் கையைப் பின்னால் வளைக்காமல் போடலாம். நிரப்புவதென்றால் உள்துணியிலேயே பை தைத்து, வாயை அக்குள் பக்கம் விடுங்கள். அதில் வைக்கும் சிலிக்கான் செயற்கை மார்பகம் கனமானது, அதனால் பையின் அடியை இடுப்புப் பட்டியோடு சேர்த்து இரட்டைத் தையல் போடணும்.

சிகிச்சையில் எடை ஏறி இறங்கும். ஓரத்தில் 1½ அங்குலம் துணி விடுங்கள், பிரித்துத் தைக்கக் கூலி கேட்காதீர்கள்.