புது லைசென்ஸ், முதல் ஹைவே பயணம்: விபத்தில் சிக்காமல் ஊர் போய்ச் சேர்வது எப்படி?

லைசென்ஸ் கைக்கு வந்து சில மாதம் ஆகிறது. ஊருக்குள் ஓட்டிப் பழகியாயிற்று. இந்தப் பொங்கலுக்குக் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு சென்னையிலிருந்து திருச்சி வரை முதல்முறையாக நீங்களே ஓட்டிப் போகப் போகிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்கு இது. அந்த ஆண்டு விபத்து எண்ணிக்கையில் தமிழ்நாடுதான் முதல் இடம்: 64,105. பெரும்பாலான விபத்துகளுக்குக் காரணமாக அதிவேகத்தைத்தான் எழுதியிருக்கிறார்கள். அதிவேகம் என்றதும் 140-ல் பறப்பவர்கள்தான் நம் நினைவுக்கு வருவார்கள். ஆனால் முன்னால் போகிற பஸ்ஸுக்கு ஒட்டினாற்போல் 80-ல் போவதும் அதிவேகம்தான். நிறுத்த இடமில்லாத எந்த வேகமும் அதிவேகம் என்பது என் கணக்கு.

படி 1: முந்தின நாள் சாயங்காலம் டயரைப் பாருங்கள்

டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் கதவிலோ பக்கத்துத் தூணிலோ ஒரு ஸ்டிக்கர் இருக்கும். எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதில் எழுதியிருக்கும். வண்டி ஓடாமல் டயர் குளிர்ந்திருக்கும்போது அந்த அளவுக்கு அடியுங்கள், ஸ்டெப்னிக்கும் சேர்த்து. காற்று குறைந்த டயர் ஓட ஓட நசுங்கி நசுங்கிச் சூடேறும். வெயிலில் நூறு கிலோமீட்டர் போனதும் வெடிப்பது பல நேரம் அந்த டயர்தான்.

அப்புறம் டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்க எண் ஒன்றைத் தேடுங்கள். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரத்தில் செய்த டயர். பட்டன், அதாவது டயரின் மேல் இருக்கும் வரிகள், தேயாமல் இருந்தாலும் வயதான ரப்பர் வெடிப்பு விட்டிருக்கும். சந்தேகம் இருந்தால் டயர் கடையில் காட்டிவிட்டே கிளம்புங்கள்.

வழியில் டயர் வெடித்துவிட்டால் பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் இறுக்கி நேராகப் பிடியுங்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுங்கள். வேகம் தானாகக் குறைந்த பிறகு ஓரம் கட்டலாம்.

படி 2: கிளம்பும் முன் கண்ணாடியும் பெல்ட்டும்

பக்கக் கண்ணாடியில் உங்கள் காரின் பாதி தெரிகிறதா? அப்படியானால் பக்கத்தில் வரும் பைக் தெரியாது. தலையை வலது ஜன்னல் கண்ணாடி வரை சாய்த்து, காரின் ஓரம் லேசாகத் தெரிகிற அளவுக்கு வலது கண்ணாடியை வெளியே தள்ளுங்கள். பிறகு காரின் நடுப்பக்கமாகச் சாய்ந்து இடது கண்ணாடியையும் அப்படியே வையுங்கள். முதல் அரை மணி நேரம் பழக்கமில்லாமல் இருக்கும், அவ்வளவுதான்.

பெல்ட் எல்லோருக்கும் உண்டு. பின்சீட்டில் இருக்கும் பாட்டிக்கும் உண்டு. பெல்ட் போடாத ஒருவர் மோதலின்போது முன்சீட்டில் இருப்பவர் மேல்தான் போய் விழுவார். குழந்தையை மடியில் வைத்துப் பிடித்துக்கொள்கிறேன் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து ஒத்துக்கொள்ளாதீர்கள். 50 கிலோமீட்டர் வேகத்தில் மோதினாலே அந்தப் பிடி எந்தக் கையிலும் நிற்காது. குழந்தைக்கென்று தனி சீட் வாங்கி மாட்டுங்கள்.

படி 3: மூன்று நொடி எண்ணுங்கள்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

முன்னால் போகும் வண்டி ஒரு மைல்கல்லையோ மரத்தையோ கடக்கும்போது மனதுக்குள் எண்ணத் தொடங்குங்கள்: ஆயிரத்தொன்று, ஆயிரத்திரண்டு, ஆயிரத்துமூன்று. ஒவ்வொன்றையும் சொல்லி முடிக்க ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். எண்ணி முடிக்கும் முன்பே நீங்கள் அந்தக் கல்லுக்கு வந்துவிட்டால் நெருங்கிவிட்டீர்கள் என்று அர்த்தம். மழை என்றால் ஆறு வரை எண்ணுங்கள்.

ஏன் மூன்று? 80-ல் போகும் கார் ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. முன்னால் போகும் வண்டியின் பிரேக் விளக்கைப் பார்த்து, புரிந்து, கால் பிரேக்குக்குப் போக ஒன்றரை நொடி. அதற்குள்ளேயே 33 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையில் இன்னும் சுமார் 36 மீட்டர். ஆக, கிட்டத்தட்ட 70 மீட்டர். 100-ல் போனால் இதுவே நூறு மீட்டரை நெருங்கிவிடும்.

நீங்கள் இடைவெளி விட்டால் யாராவது நடுவில் நுழைவார்கள். நுழையட்டும். காலைக் கொஞ்சம் தளர்த்தி, மறுபடியும் மூன்று எண்ணுங்கள். திருச்சி போய்ச் சேர ஐந்து நிமிடம் கூடுதலாகும்.

வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் படிக்க நான்கு நொடி ஆகிறதென்றால், 80-ல் அது கண்ணை மூடிக்கொண்டு ஓட்டிய 90 மீட்டர். போனைப் பக்கத்தில் இருப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 4: லாரி, மீடியன் திறப்பு, ராங் சைடு

லாரியின் பக்கக் கண்ணாடியில் டிரைவரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லை என்றால், அவருக்கும் உங்களைத் தெரியாது. அந்த இடத்தில் கூடவே ஓட்டிக்கொண்டு வராதீர்கள். ஹாரன் அடித்து வலது பக்கமாக முந்துங்கள், இல்லையென்றால் பின்தங்கிவிடுங்கள். இடது பக்கமாக நுழைவது மட்டும் வேண்டவே வேண்டாம்.

சென்டர் மீடியன் திறந்திருக்கும் இடங்களில் குறுக்கே திரும்பும் வண்டி, சர்வீஸ் ரோட்டிலிருந்து சட்டென ஏறும் வண்டி, எதிர்த்திசையில் ஓரமாக வரும் பைக் எல்லாம் உண்டு. திறப்பு கண்ணில் பட்டதுமே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துப் பிரேக் மேல் வைத்துக்கொள்ளுங்கள். மிதிக்க வேண்டியதில்லை, வைத்தால் போதும். அந்த ஒன்றரை நொடியில் கொஞ்சம் மிச்சமாகும்.

படி 5: முதல் பயணத்தைப் பகலில் வையுங்கள்

டிம் லைட்டில் ஏறக்குறைய 50 மீட்டர்தான் தெளிவாகத் தெரியும். 80-ல் நிற்க 70 மீட்டர் வேண்டும் என்று இப்போதுதான் பார்த்தோம். மீதி 20 மீட்டரை எங்கே போய்த் தேடுவது?

எனக்கு இது புத்தியில் ஏறியது விழுப்புரம் தாண்டி, விடியற்காலை நான்கு மணிக்கு. கரும்பு ஏற்றிய டிராக்டர் டிரெய்லர் ஒன்று முன்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. பின்னால் விளக்கு இல்லை, ரிஃப்ளெக்டரும் இல்லை. முதலில் என் கண்ணில் பட்டது வண்டியே இல்லை, வெளியே நீட்டிக்கொண்டு ஆடிய கரும்புத் தோகைதான். வலது லேனில் யாரும் வராததால் ஒடித்துத் தப்பித்தேன். பின்சீட்டில் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். அன்றிலிருந்து இரவில் 60-ஐத் தாண்டுவதில்லை.

இன்னொன்று, தூக்கம். நள்ளிரவு தாண்டி விடியும் வரை உடம்பு தூங்கத்தான் கேட்கும். கொட்டாவி தொடர்ந்து வருகிறதா, கடைசியாகத் தாண்டிய ஊர் எதுவென்று நினைவில்லையா? உடனே பெட்ரோல் பங்க்கிலோ டோல்கேட் பக்கத்திலோ நிறுத்துங்கள். ஒரு டீ குடித்துவிட்டு 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். ஜன்னலை இறக்குவதும் பாட்டுச் சத்தத்தைக் கூட்டுவதும் தூக்கத்தை விரட்டாது.

படி 6: வண்டி நின்றுவிட்டால்

முடிந்தவரை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய் நான்கு இண்டிகேட்டரையும் போடுங்கள். எல்லோரையும் இடது பக்கமாக இறக்கி, தடுப்புக் கம்பிக்கு அப்பால் நிற்கச் சொல்லுங்கள். டிக்கியில் இருக்கும் சிவப்பு முக்கோணத்தை எடுத்துக்கொண்டு, சாலையை விட்டு விலகி 100 தப்படி பின்னால் நடந்து வையுங்கள். காருக்குப் பக்கத்திலேயே வைத்தால், 100-ல் வருகிறவருக்கு அதைப் பார்த்து நிறுத்த இடம் இருக்காது. தேசிய நெடுஞ்சாலையில் உதவிக்கு 1033, அடிபட்டிருந்தால் 108. இரண்டு எண்ணையும் போனில் இப்போதே பதிந்துகொள்ளுங்கள்.