படித்துறையில் குழல் ஊதி வீடியோ எடுக்கும்முன்

கும்பகோணத்துக் காவிரிப் படித்துறை, சாயங்கால வெயில், கையில் புல்லாங்குழல். ஒரு வீடியோ எடுத்துப் போடலாமே என்று யாருக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. மோகன ராகம் வாசித்தேன். வீட்டுக்கு வந்து போட்டுக் கேட்டால் 'புஸ்ஸ்' என்று ஆற்றுக்காற்றுதான் கச்சேரி செய்திருந்தது.

வெளியில் ஊதுவதை அங்கேயே பதிவு செய்வதுதான் முதல் தப்பு. ஊதுதுளையின் விளிம்பில் மூச்சு மோதித்தான் நாதம் பிறக்கிறது. குறுக்கே காற்றடித்தால் அது கலைந்துவிடும், மேல் ஸ்தாயி நிற்காது. அதே காற்று போன் மைக்கிலும் மோதி இரையும். நாகஸ்வரக்காரருக்கு இந்தத் தொல்லை குறைவு, ஊதும் நாணல் துண்டான சீவாளி வாய்க்குள் இருக்கிறது. ஆனால் போனைக் கிட்டத்தில் வைத்தால் சத்தம் உடைந்து பதிவாகும். உடைந்ததை எந்த ஆப்பாலும் ஒட்ட முடியாது. பத்தடி தள்ளி, நாகஸ்வரத்தின் விரிந்த அடிப்பாகமான அணைசுக்கு நேர் எதிரே இல்லாமல் பக்கவாட்டில் வையுங்கள்.

பாட்டை வீட்டிலேயே பதிவு செய்துகொள்வது நல்லது. மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறை போதும், எதிரொலி அடங்கிவிடும். மின்விசிறியை நிறுத்துங்கள். தம்பூரா ஆப் காதில் மட்டும் ஒலிக்கட்டும்.

பிறகு படித்துறைக்குப் போய், அந்தப் பதிவை இயர்போனில் கேட்டபடி ஊத வேண்டும். நிஜமாகவே ஊத வேண்டும். விரலை மட்டும் ஆட்டினால் மூச்சு எடுக்கும் இடம் தவறும், சங்கீதம் தெரிந்தவர் முதல் சங்கதியிலேயே கண்டுபிடித்துவிடுவார். இந்த வழி, முன்பே இயற்றி வைத்த பாட்டான கிருதிக்குத்தான் சரி. அந்த நேரத்தில் தோன்றியபடி வாசிக்கும் ஆலாபனையையும் கற்பனை ஸ்வரத்தையும் இரண்டாம் தடவை அப்படியே வாசிக்க நம்மால் ஆகுமா? அவற்றுக்குக் காற்றில்லாத விடியற்காலையில் நேரடிப் பதிவே மேல். ஒன்று, குழலுக்குள் இருக்கும் காற்று சூடேறினால் சுருதி ஏறும். குளிர்ந்த குழலை நாலு நிமிஷம் ஊதிவிட்டுத் தம்பூராவோடு சேருங்கள்.

ஒவ்வொரு ஷாட்டிலும் போனின் சொந்த மைக்கும் ஓடட்டும். இயர்போனில் பாட்டு தொடங்கும்முன் 'டிக் டிக்' என்று நாலு எண்ணிக்கை சேர்த்து, நாலாவதில் கைதட்டினால் எடிட்டிங்கில் பொருத்துவது சுலபம்.

இடம் பற்றி: கோயிலுக்குள் போன் எடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள். தமிழகக் கோயில்களில் செல்போனுக்குத் தடை விதிக்கச் சொல்லி 2022-இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பக்கத்திலுள்ள தாராசுரம் கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பது, அங்கே ட்ரைபாட் விரிக்கும்முன் அனுமதி கேளுங்கள். மகாமகக் குளக்கரையில் 16 மண்டபங்கள் இருக்கின்றன. நிழலுக்கு நிழலும் ஆச்சு.

சினிமாப் பாட்டு என்றால் காப்புரிமைக் கோரல் வரலாம். தியாகராஜர் 1847-இல் மறைந்தவர், அவர் கிருதிகளுக்கு அந்தக் கவலை இல்லை.

கடைசியாக, செல்ஃபி கேமரா. சில போன்கள் கண்ணாடி போல இடவலம் மாற்றிச் சேமிக்கும். வலப்பக்கம் பிடித்த என் குழல் இடப்பக்கம் போய்விட்டது, "எப்போ இடக்கை ஆனே?" என்று அத்தை போன் பண்ணிக் கேட்டாள்.