பிரஷர் மாத்திரையை மறக்கிறார்களா? எந்த மறதி என்று முதலில் பாருங்கள்

அப்பாவிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான்: "போட்டாச்சும்மா." குரலில் துளித் தயக்கம் இருக்காது. பரிசோதனைக்குப் போன அன்று ரத்த அழுத்தம் 168/94. டாக்டர் மருந்தின் அளவைக் கூட்டி எழுதப் போனார். ஏதோ தோன்றி, பையிலிருந்த அட்டையை எடுத்துப் பார்த்தேன். கிட்டத்தட்டத் தீர்ந்திருக்க வேண்டிய அட்டையில் ஒன்பது மாத்திரை அப்படியே இருந்தது. அப்பா பொய் சொல்லவில்லை. போட்டுவிட்டதாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

அன்று அளவைக் கூட்டியிருந்தால்? வீட்டில் யாராவது பக்கத்தில் நின்று ஒழுங்காகக் கொடுக்க ஆரம்பித்ததும், கூட்டிய மருந்து முழுதாக உள்ளே போயிருக்கும். அழுத்தம் மளமளவென்று இறங்கி, கட்டிலிலிருந்து எழும்போதே தலை சுற்றி விழுந்திருப்பார். மருந்து கேட்கவில்லை என்று முடிவு கட்டுமுன், அது வயிற்றுக்குள் போகிறதா என்று பார்க்க வேண்டும் என்பது அன்றுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்டதைத்தான் வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. மருந்தை மாற்றுவதோ நிறுத்துவதோ உங்கள் டாக்டரின் வேலை.

படி 1: கேட்காதீர்கள், எண்ணுங்கள்

தினம் ஒன்று என்ற கணக்கில் 30 மாத்திரை வாங்கி 28 நாள் ஆகியிருந்தால் 2 மீதம் இருக்க வேண்டும். 9 இருந்தால் 21தான் போயிருக்கிறது, அதாவது 75 சதவீதம். ஒழுங்காகப் போடுகிறார் என்று சொல்ல ஆய்வுகளில் பெரும்பாலும் 80 சதவீதத்தைத்தான் எல்லைக்கோடாக வைக்கிறார்கள். கோட்டுக்குக் கீழே இருந்தால் அதிர்ச்சியடைய வேண்டாம். வளர்ந்த நாடுகளிலேயே நாள்பட்ட நோய்க்காரர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003 அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

மீதமே இல்லையென்றாலும் கவனியுங்கள். சில நாள் இரட்டையாகப் போயிருக்கலாம். இரண்டு நாள் விட்டு, இரண்டு நாள் இரட்டையாகப் போட்டால் கணக்கு கச்சிதமாக இடிக்காமல் வந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

படி 2: எந்த மறதி?

அவசரப்படக் கூடாத படி இது. பலரும் நேரே கடைக்குப் போய் மாத்திரைப் பெட்டி வாங்கிவிடுகிறார்கள். நானும் வாங்கினேன். ஒரு மாதம் அலமாரியில் தூசி படிந்து கிடந்தது.

முதல் வகை, வேளை வந்தது நினைவுக்கு வராமல் போவது. நடந்ததை நினைவுகூர்வது ஒன்று. செய்ய வேண்டியதைச் செய்ய வேண்டிய நேரத்தில் நினைப்பது இன்னொன்று. நாற்பது வருடத்துக்கு முந்தைய சங்கதியை ஆள் பெயரோடு சொல்பவர், காலை எட்டு மணி மாத்திரையில் கோட்டை விடலாம். "அவருக்கா மறதி?" என்று நாம் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டாவது, போட்டதை மறப்பது. தினமும் ஒரே இடம், ஒரே அட்டை, ஒரே தம்ளர். கை தன்பாட்டுக்குச் செய்துவிடும், மனம் பதிவு செய்திருக்காது. இன்று போட்டதும் நேற்றுப் போட்டதும் ஒரே படமாகக் கலந்துவிடும். அப்பா ஒருநாள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி நின்றார். உடைந்த குழிகளை விரலால் தடவி, "இது இன்னைக்குள்ளதா நேத்துள்ளதா?" என்றார். இரட்டையாகிவிடுமோ என்று பயந்து அன்று போடாமலே வைத்துவிட்டார். எங்கள் வீட்டு ஒன்பது மாத்திரைக்கும் இந்தப் பயம்தான் காரணம்.

மூன்றாவது, குழப்பம். காலையில் ஒன்று, இரவில் பாதி, இன்னொன்று ஒருநாள் விட்டு ஒருநாள். நடுவில் கம்பெனி மாறி வெள்ளை மாத்திரை மஞ்சளாக வந்துவிடும். இதற்கு ஞாபகத்தை விட ஒழுங்குபடுத்தும் திறன் வேண்டும். மூளையின் முன்பகுதியும் அதோடு இணைந்த நரம்புப் பாதைகளும் செய்யும் வேலை அது. பல வருட உயர் ரத்த அழுத்தம் மூளையின் ஆழத்தில் இருக்கும் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும்போது முதலில் அடிவாங்குபவற்றில் இந்தத் திறனும் ஒன்று. மருந்தை ஒழுங்காகப் போடத் தேவையான அறிவையே நோய் அரிக்கிறது. மருந்து தவறுகிறது, அழுத்தம் ஏறுகிறது, அது மறுபடி மூளையில் கை வைக்கிறது.

இந்தச் சுழலை எதிர்த்திசையிலும் திருப்ப முடியும். அமெரிக்காவில் 50 வயது தாண்டிய 9,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்த 'ஸ்பிரின்ட் மைண்ட்' ஆய்வின் முடிவு 2019இல் வந்தது. மேல் எண்ணை 120க்குக் கீழே கொண்டுவர முயன்ற குழுவில், 140ஐ இலக்காக வைத்த குழுவை விட, லேசான அறிவுத்திறன் குறைவு வருவது சுமார் 19 சதவீதம் குறைந்திருந்தது. முழு டிமென்ஷியாவில் (மறதி நோயில்) உறுதியான வித்தியாசம் காட்ட முடியவில்லை. அதற்காக 120 எல்லோருக்கும் இலக்கு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எவ்வளவு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

நான்காவது, மறதி மாதிரியே தெரியும், மறதி இல்லை. நீர் பிரியும் மாத்திரை போட்டால் அடிக்கடி கழிப்பறை தேட வேண்டும் என்று வெளியே போகும் நாளில் விட்டுவிடுவார்கள். பிரஷர் மாத்திரைகளிலேயே அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாப்ரில் வகை சிலருக்கு வறட்டு இருமல் தரும். "நல்லாத்தானே இருக்கேன், எதுக்கு மாத்திரை" என்பதும் உண்டு, பிரஷர் வலிக்காத நோயாயிற்றே. இவர்களுக்கு ஆயிரம் அலாரம் வைத்தாலும் பயனில்லை. "மறந்துட்டீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்று தப்பித்துவிடுவார்கள். "இதுல எந்த மாத்திரை உங்களுக்குத் தொந்தரவா இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு வாரம் சும்மா கவனியுங்கள். திருத்தாதீர்கள். எந்த வகை என்று தெரிந்துவிடும். இரண்டு வகை சேர்ந்தும் இருக்கலாம்.

படி 3: பட்டியலை இளைக்க வையுங்கள்

மூன்றாவது வகைக்கு இதுதான் முதல் மருந்து. இரண்டு மருந்தை ஒரே மாத்திரையில் சேர்க்க முடியுமா, எல்லாவற்றையும் ஒரே வேளைக்குக் கொண்டுவர முடியுமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பிரஷருக்கான கூட்டு மாத்திரைகளை உலக சுகாதார நிறுவனம் 2019இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலேயே சேர்த்துவிட்டது. காலையா இரவா என்ற கவலையும் பெரும்பாலும் வேண்டாம். பிரிட்டனில் 21,000 பேருக்கு மேல் பங்கெடுத்த 'டைம்' ஆய்வில் (2022) மாரடைப்பு, பக்கவாதக் கணக்கில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மறக்காத வேளை எதுவோ அந்த வேளை போதுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மெதுவாகக் கரையும் வகை மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்கச் சிரமம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 4: கடிகாரத்தை விடுங்கள், பழக்கத்தில் முடிச்சுப் போடுங்கள்

முதல் வகைக்கு இது. "எட்டு மணிக்கு" என்பதை விட "பல் தேய்த்ததும்" என்பது வயதானவர்களுக்கு நன்றாகப் பிடிபடும். எட்டு மணி என்பதை அவர்களேதான் நினைக்க வேண்டும். பல் தேய்ப்பது கண்ணெதிரே நடந்து, தானே நினைவூட்டிவிடும். ஒருநாளும் தவறாத பழக்கமாகப் பார்த்து எடுங்கள். மாத்திரையை அதே இடத்தில் வையுங்கள், ஈரம் படாமல். முதல் இரண்டு வாரம் "பல் தேய்ச்சாச்சு, இப்ப மாத்திரை" என்று வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். அப்பா சிரித்தார். ஆனாலும் சொன்னார்.

படி 5: பெட்டி இப்போதுதான்

இரண்டாவது வகைக்குப் பெட்டியைப் போல எதுவும் இல்லை. அறை காலியாக இருந்தால் போட்டாயிற்று, மாத்திரை இருந்தால் போடவில்லை. யோசிக்க எதுவுமில்லை. ஆனால் பெட்டியை நிரப்புவதுதான் இருப்பதிலேயே கடினமான வேலை. ஒரு அறை பிசகினால் வாரம் முழுக்கப் பிசகும். குழப்பம் இருப்பவரிடம் அதை விடாதீர்கள், வாரத்தில் ஒரே கிழமையில் நீங்களே நிரப்புங்கள்.

வாங்குமுன் மூடியை அவர் கையாலேயே திறக்கச் சொல்லுங்கள். எங்கள் முதல் பெட்டி தூசி படிந்ததற்குக் காரணம் அதுதான், அப்பாவின் கட்டை விரலுக்கு அந்த மூடி மசியவில்லை. சில மாத்திரைகள் அட்டையை விட்டு எடுத்தால் கெட்டுவிடும் என்பதால் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

படி 6: ஒரு வேளை விட்டுப்போனால்

பொதுவாக, நினைவு வந்ததும் போடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிட வேண்டும். இரட்டையாகப் போடவே கூடாது. குளோனிடின், அட்டெனலால், மெட்டோப்ரோலால் போன்ற பிரஷர் மருந்துகளைத் திடீரென்று நிறுத்துவது ஆபத்து. அழுத்தம் எகிறலாம், நெஞ்சுவலி வரலாம். இவை தொடர்ந்து விட்டுப்போயிருந்தால் அன்றே டாக்டரை அழையுங்கள்.

படி 7: அளந்து எழுதுங்கள்

சிறுநீர் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, பாதம் தரையில் பட ஐந்து நிமிடம் உட்கார வேண்டும். கை இதய மட்டத்தில் இருக்கட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை, காலையும் மாலையும், ஒரு வாரம். எழுந்து நின்ற மூன்று நிமிடத்துக்குள்ளும் ஒருமுறை பாருங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 இறங்கினால் டாக்டரிடம் சொல்ல வேண்டிய விஷயம் அது.

படி 8: மறதி மாத்திரையோடு நிற்காவிட்டால்

பணக் கணக்குத் தவறுவது, பழகிய வழி குழம்புவது, சொன்னதையே சொல்வது என்று சேர்ந்து வந்தால் நினைவுத்திறன் பரிசோதனை கேளுங்கள். மூன்று சொற்களைச் சொல்லி, ஒரு கடிகாரம் வரையச் சொல்லி, பிறகு அந்தச் சொற்களைத் திருப்பிக் கேட்கும் 'மினி-காக்' சில நிமிடத்தில் முடிந்துவிடும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டு கோளாறு, மனச்சோர்வு, காது கேளாமை என்று சரிசெய்யக்கூடிய காரணங்களும் இருக்கலாம். தூக்க மாத்திரையும் சில அலர்ஜி மாத்திரைகளும்கூட மூளையை மந்தமாக்கும். ஆனால் ஒரே நாளில் திடீரென்று குழம்பினாலோ, பேச்சு குழறினாலோ, முகம் கோணினாலோ பரிசோதனைக்கு நாள் பார்க்காதீர்கள், உடனே அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

அடுத்த முறை டாக்டரைப் பார்க்கப் போகும்போது சீட்டு மட்டும் போதாது. மீதமுள்ள அட்டைகள், பெட்டி, அளவு எழுதிய நோட்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போடுங்கள். மூட்டு வலிக்கென்று தனியாக வாங்கிச் சாப்பிடும் மாத்திரையையும் சேர்த்துத்தான். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் வகைகள் அழுத்தத்தை ஏற்றும். அப்பாவின் தலையணைக்கு அடியில் அப்படி ஓர் அட்டை இருந்தது. அதில் ஒரு மாத்திரைகூட மீதமில்லை.