காவிரிக் கரையில் கிரிக்கெட் அட்டைகளும் கையொப்பங்களும்
ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் அப்பளமே நமுத்துப்போகும் கும்பகோணத்து வீடுகளில், வீரர்களின் படம் அச்சிட்ட, சேகரிப்போர் சேர்த்துவைக்கும் கிரிக்கெட் அட்டை மட்டும் வளையாமல் தப்பிவிடாது. ஆகவே ஒவ்வோர் அட்டையையும் பிவிசி என்னும் பிளாஸ்டிக் கலக்காத மெல்லிய உறையில் இட்டு, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் இறுக மூடும் டப்பாவில் வைத்து, ஓதம் ஏறும் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

சேகரிப்பு அட்டைகளைத் தரம்பார்க்க, 1991 முதல் இயங்கும் அமெரிக்காவின் பிஎஸ்ஏ (PSA) நிறுவனம், அச்சின் நடுவமைவு, மூலைகள், விளிம்புகள், மேற்பரப்பு ஆகியவற்றை ஆராய்ந்து 1 முதல் 10 வரை தரமதிப்பு வழங்குகிறது. அனுப்புமுன் சாய்வான விளக்கொளியில் உருப்பெருக்கி கொண்டு நீங்களே பாருங்கள். மூலைகள் வெளுத்த சாதாரண அட்டைக்குக் கட்டணம் செலுத்துவது, என் கணிப்பில், வீண். விளிம்பை வெட்டிச் சீராக்கிய அட்டைக்கு எண் மதிப்பே கிடைக்காது.

அட்டையில் வீரர் இட்ட கையொப்பத்தின் உண்மைத்தன்மை தனியே சரிபார்க்கப்படுவதால், மங்கிய எழுத்தின்மேல் மறுபடியும் பேனா ஓட்டாதீர்கள். வெயில் படாமல் காத்தாலே போதும்.