குளியல் தொட்டியின் அடைப்பானைப் பிடுங்காதீர்கள்: இனேயில் ஓர் இரவு

கியோட்டோ என்றாலே கோயிலும் கூட்டமும்தான் என்பவர்களை நான் இனேவுக்குப் போகச் சொல்வேன். அதே கியோட்டோ மாகாணம்தான், ஆனால் வடகோடியில், ஜப்பான் கடலோரம். விரிகுடாவைச் சுற்றிச் சுமார் 230 ஃபுனயா வீடுகள். கீழே படகு நிற்கும் கொட்டில், மேலே அறை. அலை உள்ளே வராதா? விரிகுடா தெற்கு பார்த்தது, அதன் வாயில் ஆவோஷிமா தீவு அணைபோல நிற்கிறது. கடல் ஏறி இறங்குவதும் அரை மீட்டர் அளவுதான்.

கியோட்டோவிலிருந்து அமானோஹாஷிதாதே வரை ரயிலில் இரண்டு மணி நேரம், அப்புறம் பேருந்தில் ஒரு மணி நேரம். பேருந்துகள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

நான் தங்கியது மின்ஷுக்கு, அதாவது வீட்டுக்காரர்களே நடத்தும் விடுதி. பல இடங்களில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு குழுவைத்தான் ஏற்பார்கள். பதிவு செய்யும்போதே ராச்சாப்பாடு உண்டா என்று கேட்டுவிடுங்கள். இல்லாத இடங்களும் உண்டு, ஊரில் கடைகளோ சீக்கிரம் சாத்திவிடுவார்கள். சைவக்காரர்கள் 'மீன் வேண்டாம்' என்றால் மட்டும் போதாது, 'தாஷியும் வேண்டாம்' என்று சொல்ல வேண்டும். தாஷி என்ற சூப்பின் அடிச்சாறே பெரும்பாலும் கட்ஸுவோபுஷி என்ற காய்ந்த மீனில்தான். நம் மாசிக் கருவாட்டுக்கு அது தம்பி முறை. அசைவக்காரர்கள் குளிர்காலத்தில் போங்கள். புரி மீன் கொழுத்திருக்கும் காலம். அதுவும் நம் பாரை மீன் குடும்பம்தான், ஆனால் பச்சையாகச் சாப்பிட்டால் வெண்ணெய்.

எத்தனை மணிக்கு வருவேன் என்று சொன்னால் அத்தனை மணிக்குப் போய்விடுங்கள். ஆறு மணிச் சாப்பாடு என்றால் ஆறுக்குத் தட்டு வந்துவிடும். கையில் ரொக்கம் இருக்கட்டும்.

வாசலில் செருப்பைக் கழற்றி, வீட்டுச் செருப்பு மாட்டி, தடாமிப் பாய்க்கு முன் அதையும் கழற்ற வேண்டும். கழிப்பறைக்குத் தனிச் செருப்பு. அதோடு அறைவரை நடந்து வந்தவன் நான். வீட்டுக்கார அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

அது சின்னத் தப்பு. பெரியது குளியலறையில். முக்காலியில் உட்கார்ந்து, சோப்புப் போட்டு, நுரை துளியும் இல்லாமல் அலசிவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்க வேண்டும். அதெல்லாம் சரியாகவே செய்தேன். வெந்நீரில் பத்து நிமிடம் ஊறி எழுந்து, நல்ல பிள்ளையாக அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரை விட்டுவிட்டேன். அந்தத் தண்ணீர் எனக்குப் பின்னால் குளிக்க வேண்டிய அத்தனை பேருக்கும் சேர்த்துக் காய்ச்சியது! ஒரு வார்த்தை திட்டவில்லை. மறுபடி நிரம்பும் சத்தம்தான் வெகுநேரம் கேட்டது. நீங்கள் மூடிபோட்டு வைத்துவிட்டு வாருங்கள்.

குளித்துவிட்டு உடுத்தும் யுகாத்தா அங்கியில் இடப்பக்கம்தான் மேலே வர வேண்டும். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

இரவு மெத்தை தரையில்தான். காலுக்குக் கீழே தண்ணீர் கல்லில் தட்டிக்கொண்டே இருக்கும், முதல் ஒரு மணி நேரம் தூக்கம் வராது. காலையில் சீக்கிரம் எழுந்து கீழே போங்கள். வீட்டுக்காரர் மொந்தோரி என்ற கூண்டைக் கயிற்றில் இழுத்துக்கொண்டிருப்பார். நான் பார்த்த அன்று அதில் இரண்டு சின்ன மீன், நடுவே இரையாக முந்தின இரவு நாங்கள் சாப்பிட்ட புரியின் தலை.