பாஸ் அடித்தால் மங்கிய ஹெட்லைட்: நான் சரிசெய்த விதம்

காரில் சப்வூஃபர் (பாஸ் ஒலிக்கான பெரிய ஸ்பீக்கர்) போட்டதிலிருந்து ராத்திரியில் பாட்டின் ஒவ்வொரு பாஸ் (‘டும்’ என்ற கனத்த ஒலி) அடிக்கும் ஹெட்லைட் மங்கும், சத்தத்தை ஏற்றினால் ஆம்ப் (ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் ஆம்ப்ளிஃபயர்) அப்படியே அணைந்துவிடும். கடையில் கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து, தேவைப்படும்போது சட்டென்று கொடுக்கும் பாகம்) போடச் சொன்னார்கள். அதற்கு முன்னால் வோல்டேஜ் அளக்க மல்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜின் ஓட, பாட்டும் ஓட, பேட்டரியில் 13.9 வோல்ட், ஆம்ப் முனையில் 11.6. அப்படியென்றால் ஆல்டர்னேட்டர் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தரும் பாகம்) நன்றாகத்தான் இருக்கிறது, இடையில் வயர்தான் வோல்டேஜைத் தின்கிறது. பார்த்தால், ஆம்பைக் கார் பாடியோடு இணைக்கும் எர்த் வயரைப் பெயின்ட் மேலேயே முடுக்கியிருந்தார்கள், பெயின்ட் மின்சாரத்தைத் தடுக்கும். பவர் வயரைச் சீவினால் உள்ளே வெள்ளையாக அலுமினியம், மேலே மட்டும் செம்புப் பூச்சு; அலுமினியம் செம்பு அளவுக்கு மின்சாரத்தைக் கடத்தாது.

உப்புத்தாள் போட்டு இரும்பு பளபளக்கும்வரை தேய்த்து எர்த்தை முடுக்கினேன், அப்புறம் 4 கேஜ் (தடிமனான) சுத்தச் செம்பு வயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ் வைத்தேன் (இதை மட்டும் விட்டுவிடாதீர்கள், வயர் பாடியில் உரசினால் கார் தீப்பிடிக்கலாம்). இப்போது ஆம்பிலும் 13.4 நிற்கிறது, கெப்பாசிட்டர் தேவைப்படவில்லை.