தவணை கட்ட முடியலயா, டியூ டேட்டுக்கு முன்னாடியே பேசிடுங்க

கடன் குடுத்தவங்ககிட்ட இருந்து போன் வந்தா கட் பண்றது, நம்பர பிளாக் பண்றது, இதெல்லாம் வேணாங்க. லேட் ஃபீஸும் வட்டியும் அதுபாட்டுக்கு ஏறிட்டுதான் இருக்கும். தவணை தவறுறதுக்கு முன்னாடி நீங்களே கூப்ட்டு சொன்னா அவங்களுக்கும் வழி பண்ண இடம் இருக்கும்.

பேசறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்ல வருமானம், வாடகை, சாப்பாடு, மருந்து செலவு, மத்த கடன் எல்லாம் எழுதி, மாசம் எவ்ளோ நிஜமாவே கட்ட முடியும்னு பாருங்க. அந்த தொகைய மட்டும் சொல்லுங்க, பயத்துல அதிகமா சொல்லிட்டு அடுத்த மாசமே தவறினா திரும்ப பேசறது ரொம்ப கஷ்டம். வேலை போச்சு, உடம்பு சரியில்லனு காரணத்த சுருக்கமா சொல்லி, தவணைய குறைக்க முடியுமா, கொஞ்ச மாசம் தள்ளி வைக்க முடியுமா, அபராதத்த தள்ளுபடி பண்ணுவீங்களானு நேராவே கேளுங்க. காலத்த நீட்டினா தவணை குறையும், ஆனா மொத்த வட்டி கூடும், அதையும் கேட்டுக்கோங்க.

பாக்கிய விட கம்மியா கட்டி கடன முடிச்சுக்கிட்டா, அதாவது செட்டில்மென்ட் பண்ணா, கிரெடிட் ரிப்போர்ட்ல, அதாவது நீங்க கடன் கட்டின விவரம் இருக்கிற அறிக்கைல, அது தெரியலாம். வீட்ட அடமானம் வச்ச கடன்னா அத முதல்ல பேசுங்க, கட்டாம விட்டா வீடே போயிடலாம்.

ஒத்துக்கிட்டது எதுவா இருந்தாலும் மெயில்லயோ லெட்டர்லயோ வாங்காம பணம் அனுப்பாதீங்க. பேசினவர் பேரு, தேதி குறிச்சு வைங்க. மிரட்டினா பதில் பேசாம, எழுத்துல புகார் குடுங்க.